மில்லி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்: வார்டுக்கு வரும் நர்சிங் மாணவர்களுக்கு மருந்து கொடுக்கும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை என்று எந்த ஊர் வார்டில் போய் நின்றாலும் நாள் முழுக்கக் காதில் விழும் சொல் ‘மில்லி’. “ஐநூறு மில்லி மாத்திரைதான் போட்டேன்” என்பார் நோயாளி. “அஞ்சு மில்லி மருந்து ஊத்துனேன் சிஸ்டர்” என்பார் குழந்தையின் தாய். “ரெண்டு மில்லி போடுங்க” என்று போனில் ஒரு குரல் வரும். முதலாவது மில்லிகிராம், அதாவது எடை. இரண்டாவது மில்லிலிட்டர், அதாவது கொள்ளளவு. மூன்றாவது எது என்று திருப்பிக் கேட்காமல் யாராலும் சொல்ல முடியாது.

வார்டில் நடக்கும் மருந்துப் பிழைகளில் பல இந்தச் சொல்லிலிருந்தே கிளம்புகின்றன. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மில்லிகிராம், மில்லிலிட்டர் என்று முழுச் சொல்லையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் மில்லி என்று நிறுத்தினால் “மில்லிகிராமா, மில்லிலிட்டரா?” என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மாணவராக இருக்கும்வரை எந்த மருந்தையும் ஸ்டாஃப் நர்ஸோ டியூட்டரோ பக்கத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

லேபிளில் இருக்கும் எண் என்ன சொல்கிறது

மருந்தின் அடர்த்தியை லேபிளில் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஐந்து விதமாக எழுதுகிறார்கள். ஐந்தையும் படிக்கத் தெரியாமல் சிரிஞ்சைக் கையில் எடுக்கக் கூடாது.

எளியது, இத்தனை மில்லிலிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்பது. ஜென்டாமைசின் வயலில் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் என்று இருக்கும். இதை ‘ஒரு மில்லிலிட்டரில் 80’ என்று அவசரத்தில் படிப்பவர்கள் உண்டு. 

அடுத்தது சதவீதம். 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் என்பதே சதவீதம். 2% லிக்னோகெய்ன் என்றால் 100 மில்லிலிட்டரில் 2 கிராம். ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம். சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள மில்லிகிராம் வந்துவிடும். பிரசவ வார்டில் இது உயிர் காக்கும் கணக்கு. 50% மெக்னீசியம் சல்பேட் 2 மில்லிலிட்டர் ஆம்பூலில் (கழுத்தை உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பி) 1 கிராம் இருக்கிறது. அதே அளவு ஆம்பூல் 25% ஆக வந்தால் அரை கிராம்தான். ‘நாலு ஆம்பூல் போட்டாச்சு’ என்று எழுதினால் போட்டது 4 கிராமா 2 கிராமா என்று அடுத்த ஷிப்ட்டுக்குத் தெரியாது. ஆம்பூல் எண்ணிக்கையை அளவாக எழுதவே கூடாது.

மூன்றாவது விகிதம். அட்ரினலினில் 1:1000 என்றால் 1000 மில்லிலிட்டரில் 1 கிராம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம். 1:10,000 அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு சுழியம் தவறினால் அளவு பத்து மடங்கு மாறும்.

நான்காவது யூனிட். இன்சுலின், ஹெப்பாரின், ஆக்ஸிடோசின் மூன்றும் இந்தக் கணக்கில் வரும். யூனிட் என்பதை U என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதாதீர்கள். எண்ணை ஒட்டி எழுதிய அந்த எழுத்து சுழியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகியிருக்கிறது.

ஐந்தாவது, இன்னொரு மில்லி: மில்லி ஈக்விவலன்ட், பொட்டாசியம் போன்ற உப்புகளை அளக்கும் அலகு. பொட்டாசியம் குளோரைடு 15% ஆம்பூல் 10 மில்லிலிட்டரில் 1.5 கிராம், அதாவது 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. ‘இருபது மில்லி கேசிஎல்’ (பொட்டாசியம் குளோரைடின் சுருக்கம்) என்று கேட்ட மாணவர் 20 மில்லிலிட்டரை இழுத்தால் அளவு இரட்டிப்பு. இந்த மருந்தைச் சிரையில் நேராகத் தள்ளவே கூடாது, இதயம் நின்றுவிடும். பாட்டிலில் கலந்து, நன்றாக நீர்த்து, பொதுவார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மிகாமல் ஏற்ற வேண்டும். கலக்கும்போது ஒரு கவனம்: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் செலுத்தினால் கனமான பொட்டாசியம் அடியில் தேங்கும், டிரிப் செட் வழியாக அதுவே முதலில் இறங்கும். பாட்டிலைக் கழற்றி, கலந்து, பத்து முறை தலைகீழாகப் புரட்டிவிட்டு மாட்டுங்கள். காய்ச்சி வடித்த நீர் ஆம்பூலும் இதுவும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே டிரேயில் இரண்டையும் வைக்காதீர்கள்.

பதின்மம் எழுதும்போது 0.5 என்று முன்னால் சுழியம் போடுங்கள். 5.0 என்று பின்னால் சுழியம் போடாதீர்கள். புள்ளி மங்கினால் சுழியம் இல்லாத .5 என்பது 5 ஆகும், 5.0 என்பது 50 ஆகும்.

கணக்கு

தேவைப்படும் அளவைக் கையிருப்பின் அளவால் வகுத்து, கையிருப்பு எத்தனை மில்லிலிட்டரில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். சூத்திரம் இது ஒன்றுதான். ஜென்டாமைசின் 60 மில்லிகிராம் வேண்டும், கையில் இருப்பது 2 மில்லிலிட்டரில் 80 என்றால் 60 ÷ 80 × 2 = 1.5 மில்லிலிட்டர். போடுவதற்கு முன் மனக்கணக்காக ஒரு முறை யோசியுங்கள்: வேண்டியது முழு வயலைவிடக் குறைவு, விடையும் 2-ஐ விடக் குறைவு, சரி. விடை மூன்று நான்கு வயல் உடைக்கச் சொன்னால் பெரும்பாலும் கணக்கில் எங்கோ பிசகு.

குழந்தைகளுக்கு எடைதான் ஆதாரம், வயது அல்ல. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 15 வீதம் 180 மில்லிகிராம். இப்போது கடையில் கிடைப்பதைப் பாருங்கள். 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.2 மில்லிலிட்டர். 5 மில்லிலிட்டரில் 250 உள்ளதென்றால் 3.6 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 100 உள்ள டிராப்ஸ் என்றால் 1.8 மில்லிலிட்டர். மூன்றும் பாராசிட்டமால்தான், பெட்டியும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். “அஞ்சு மில்லி குடுங்கம்மா” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால், தாய் வீட்டில் எந்தப் பாட்டிலைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்துக் குழந்தைக்கு 125 போகும், 250 போகும், 500-ம் போகும். 12 கிலோ குழந்தைக்கு 500 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 40-ஐத் தாண்டுகிறது; அதையே நாலு வேளை கொடுத்தால் கல்லீரல் கெடும். ஆகவே பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ள மூடியிலோ சிரிஞ்சிலோ கோடு போட்டுக் காட்டுங்கள். வீட்டுக் கரண்டி அளவுகோல் ஆகாது. ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஓர் அளவு.

பொடி மருந்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் 1 கிராம் வயலில் 10 மில்லிலிட்டர் நீர் விட்டால் கரைசல் 10-ஐத் தாண்டிவிடும், ஏனெனில் பொடிக்கும் இடம் வேண்டும். 9.6 மில்லிலிட்டர் விட்டால்தான் மொத்தம் 10 வரும், ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கிடைக்கும். முழு வயலும் போடும்போது இது பெரிதில்லை. குழந்தைக்குப் பகுதி அளவு எடுக்கும்போது பெரிது. வயலோடு வரும் தாளில் எவ்வளவு நீர் என்று இருக்கும், படியுங்கள். தசையில் போடுவதற்காக லிக்னோகெய்னில் கரைத்ததைச் சிரையில் போடக் கூடாது. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) ஓடும் செட்டிலும் இந்த மருந்தைச் செலுத்தக் கூடாது, ஆர்.எல்.லில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவாகும். அதேபோல் வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் கரைசல்) படியும். அதற்கு நார்மல் சலைன் மட்டும்தான், வேகம் நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

டிரிப் கணக்கு: மொத்த மில்லிலிட்டரை செட்டின் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். சாதாரண செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்யுங்கள், 15 சொட்டு செட்டும் வரும். 1000 மில்லிலிட்டர் 8 மணி நேரத்தில் என்றால் 1000 × 20 ÷ 480 = 41.7, ஆக நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 விநாடி எண்ணினால் 10 அல்லது 11 வர வேண்டும். மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பதால் மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. நோயாளி கையை மடக்கினாலோ எழுந்து உட்கார்ந்தாலோ வேகம் மாறும். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி மணிக்கு மணி கோடு போட்டு வையுங்கள், தூரத்திலிருந்தே பின்தங்கியதா முந்தியதா என்று தெரியும்.

உடம்புக்குள் மருந்து பாயும் பாதை

மருந்தியல் பாடத்தில் உறிஞ்சல், பரவல், சிதைவு, வெளியேற்றம் என்று நான்கு சொல் வரும். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அன்றே கடைமடை நனைந்துவிடாது. கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஷட்டர் ஷட்டராகக் கடந்து, வழியில் மண் குடித்தது போக மிச்சம்தான் வேதாரண்யம் பக்கத்து வயலைச் சேரும். விழுங்கிய மாத்திரையும் குடலில் உறிஞ்சப்பட்டவுடன் நேராக உடம்புக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே ஒரு பகுதி சிதைந்து, மிச்சம்தான் ரத்த ஓட்டத்தில் சேரும். நெஞ்சுவலிக்கு ஐசோசார்பைடு டைநைட்ரேட்டை நாக்கடியில் வைக்கச் சொல்வது இந்த மதகைத் தாண்டிப் போவதற்காகத்தான். நோயாளி அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டால் வலிக்கும் நேரத்தில் பலன் கிடைக்காது. “முழுங்காதீங்கய்யா, நாக்குக்கு அடியிலேயே கரையட்டும்” என்று சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கொடுப்பதற்கு முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், படுக்கவோ உட்காரவோ வைக்க வேண்டும்.

வடிகால் தூர்ந்த வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். சிறுநீரகம் உடம்பின் வடிகால். அது பழுதானவருக்கு ஜென்டாமைசின் வெளியேறாமல் தேங்கி, காதையும் எஞ்சிய சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனவே அந்த ஊசிக்கு முன் சிறுநீர் எவ்வளவு போனது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனையான கிரியாட்டினின் என்ன என்று கேஸ் ஷீட்டைப் பார்ப்பது உங்கள் வேலை, டாக்டரின் வேலை மட்டுமல்ல. வயதானவர்களுக்கு கிரியாட்டினின் இயல்பாகத் தெரிந்தாலும் வடிகால் குறுகியிருக்கும்.

அரை ஆயுள் என்பது ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். 100 என்று தொடங்கினால் 50, 25, 12.5, 6.25, 3.1. ஐந்து அரை ஆயுளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். தொடர்ந்து கொடுக்கும்போது நிலையான மட்டத்துக்கு வரவும் அதே ஐந்து அரை ஆயுள் ஆகும். அவ்வளவு காத்திருக்க முடியாத நோய்க்குத்தான் முதலில் பெரிய அளவு: சேற்றுழவுக்கு வயலை ஒரே முறையாக நிரப்பிவிட்டு, பிறகு அளவாகப் பாய்ச்சுவது போல. வலிப்புக்கு ஃபெனிடோயின், பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் இப்படித்தான் தொடங்கும். மெக்னீசியத்தில் அடுத்தடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, சுவாசம் நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டராவது போகிறதா. ஒன்று இல்லையென்றாலும் ஊசி நிற்க வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மெக்னீசியம் மிகுந்தால் அதை முறிக்கும் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10% 10 மில்லிலிட்டர், அதாவது 1 கிராம், கட்டிலருகே தயாராக இருக்க வேண்டும்.

கட்டிலருகே

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

“நீங்க செல்விதானே?” என்று கேட்காதீர்கள். காது கேளாதவரும், பயந்தவரும், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் “ஆமா” என்பார்கள். “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டு அவரையே சொல்ல வையுங்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று ராஜேந்திரன் இருப்பது இங்கே சாதாரணம். எனவே இரண்டாவது அடையாளம் கட்டாயம். அதில் ஒரு சிக்கல்: கிராமத்து வயதான பெண்கள் பலர் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். “அப்பா பேரு சொல்லுங்க ஆயா, எந்த ஊரு?” என்று கேட்டு, ஐ.பி. எண்ணோடு (உள்நோயாளி எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டில் எண்ணை அடையாளமாகக் கொள்ளவே கூடாது. காற்றுக்காக ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறிப் படுத்திருப்பார்கள்.

லேபிளை மூன்று முறை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் இழுக்கும்போது, கட்டிலருகே கொடுப்பதற்குச் சற்று முன். மூன்றாவது முறைக்கு ஆம்பூல் கையில் இருக்க வேண்டும். எனவே உடைத்த ஆம்பூலை டிரேயிலேயே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் இழுக்காத சிரிஞ்சை நீங்கள் போடாதீர்கள்.

போன் வழி உத்தரவு அவசரத்துக்கு மட்டும். கேட்டதை எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். “பதினஞ்சா, அம்பதா?” என்று தமிழில் கேட்டால் குழப்பமே இல்லை.

வீட்டிலிருந்து வந்த பையை அவர்கள் முன்னாலேயே கட்டிலில் கொட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை அட்டையில் மருந்தின் மூலப்பெயர் மட்டும் இருக்கும். தனியார் கடை அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபினையும், டவுன் டாக்டர் எழுதிய வேறு பெயர் அம்லோடிபினையும் இரண்டு மருந்தென்று நம்பி ஒருவரே விழுங்கிக்கொண்டிருப்பார். தலைசுற்றி விழுந்ததற்குக் காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதற்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். நடவு, களையெடுப்புக் காலத்தில் பெண்கள் விடியற்காலையில் ஒரு டீயோடு வயலில் இறங்கி, பழைய சோறோ கஞ்சியோ குடிப்பது பத்து மணிக்கு மேல்தான். காலையில் சாப்பாட்டுக்கு முன் என்று எழுதிய சர்க்கரை மாத்திரைகளான கிளிபென்கிளமைடையோ கிளிமிபிரைடையோ ஆறு மணிக்குப் போட்டுவிட்டுச் சேற்றில் குனிந்தால் எட்டு மணிக்கு மயங்கி விழுவார். “காலையில எத்தனை மணிக்குச் சோறு சாப்பிடுவீங்க?” என்று கேளுங்கள்; டீயும் காபியும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. அந்த நேரத்தை டாக்டரிடம் சொல்லி மாத்திரையை அதனோடு கட்டுங்கள். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்து நோயாளிகளிடம் ரமலான் வருவதற்கு முன்பே நோன்பு வைப்பார்களா என்று கேட்டு டாக்டருக்குத் தெரிவியுங்கள். கிருத்திகை, சஷ்டி விரதம் இருப்பவர்களிடமும் இதே கேள்வி.

இன்சுலின்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் வயல் இரண்டு அடர்த்தியில் வருகிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.5 மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். நோயாளி சர்க்கரை தாழ்ந்து நினைவிழப்பார். 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.2 மில்லிலிட்டர், 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காமல் ‘டோஸ் பத்தவில்லை’ என்று கூட்டிக்கொண்டே போவார்கள்; ஒரு நாள் யாரோ சரியான சிரிஞ்சை எடுத்ததும் விபரீதம். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதும் இதே ஆபத்து, அது 100 யூனிட் அடர்த்தி. வயல், சிரிஞ்சு மூடி, கேஸ் ஷீட் மூன்றையும் இன்னொருவருக்குக் காட்டிவிட்டே போடுங்கள்.

கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். இரண்டைக் கலக்கும்போது தெளிந்ததை முதலில், கலங்கலைப் பிறகு இழுக்க வேண்டும். சாதாரண இன்சுலினுக்கும் 30/70 கலவைக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி முன். தட்டு வருமா என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சிறு மண்சட்டியில் வைக்கலாம். ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்துபோன இன்சுலின் உதவாது.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய் நோயாளி விழித்திருந்தால் 15 கிராம் சர்க்கரை, சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லிலிட்டரில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. டாக்டர் உத்தரவோடு அது சிரை வழியே போக வேண்டும். கிளிபென்கிளமைடால் தாழ்ந்த சர்க்கரை ஏறிய பிறகும் மறுபடி இறங்கும். ‘தெளிஞ்சுட்டார்’ என்று அன்றே அனுப்பிவிடக் கூடாது.

ஊசி போடும் இடம்

தோலுக்குள் 10 முதல் 15 டிகிரி, தோலுக்கடியில் 45 முதல் 90, தசையில் 90. கை மேல்தசையில் பெரியவர்களுக்கு 1 மில்லிலிட்டர் அளவோடு நிறுத்துங்கள். குழந்தைக்குத் தொடையின் முன்-வெளிப்புறம். பிட்டத்தை நான்காகப் பிரித்தால் வரும் மேல் வெளிப் பகுதியைத் தாண்டிப் போட்டால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் பட்டுப் பாதம் தொங்கிவிடும். இடுப்பின் பக்கவாட்டுப் பகுதி (வென்ட்ரோகுளூட்டியல்) அதைவிடப் பாதுகாப்பு. மழைக்காலக் காய்ச்சலில் ‘ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்று வருபவர்கள் நிறைய. டெங்குவாக இருக்கலாம் என்னும்போது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும் என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வயலிலிருந்து வருபவர்கள்

‘மருந்து குடிச்சிட்டா’ என்றால் நம் ஊரில் பூச்சி மருந்து என்று பொருள். முதல் கேள்வி, பூச்சிக்கொல்லியா களைக்கொல்லியா? டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிக்கு அட்ரோபின் உயிர். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிக்கு அட்ரோபின் உதவாது, அதில் ஆக்சிஜனையும் தேவையில்லாமல் கொடுத்தால் நுரையீரல் சேதம் கூடும். கையுறை போட்டுக்கொண்டு, உடையைக் கழற்றி, முடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோல் வழியாகவும் விஷம் ஏறிக்கொண்டேயிருக்கும்.

அட்ரோபின் ஆம்பூல் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 0.6 மில்லிகிராம். தொடக்க அளவு 1.8 முதல் 3 மில்லிகிராம். 3 என்றால் 5 ஆம்பூல். ஐந்து நிமிடத்தில் பலன் போதவில்லையென்றால் அளவை இரட்டிப்பார்கள்: 10 ஆம்பூல், பிறகு 20. ‘இவ்வளவா?’ என்று கை நடுங்க வேண்டாம். ஆனால் ஒருவர் உடைக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் நேரத்தோடு எழுத என்று பிரித்துக்கொள்ளுங்கள். இலக்கு கண்மணி அல்ல, நெஞ்சு. ஸ்டெதாஸ்கோப்பில் நுரையீரல் சளி இரைச்சல் நின்று, நாடி 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும். பிறகு அளவு மீறினால் பிதற்றல், காய்ச்சல், குடலோசை இல்லாமை, சிறுநீர் அடைப்பு வரும். கையைக் காற்றில் துழாவுவதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பாம்புக்கடியில் நம்மிடம் உள்ள விஷமுறி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொது. தரையில் படுத்துத் தூங்கியவர் அதிகாலையில் வயிற்றுவலி என்று வந்து, இமை தொங்கினால் கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். விரியன் கடிக்கு இருபது நிமிட உறைவுச் சோதனை: சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் ரத்தம், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ரத்தம் உறைவதைக் கெடுத்து, பொய்யான முடிவைக் காட்டும்.

பொடி வயல் ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் நீர் விட்டுச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரை கட்டும். வழக்கமான தொடக்கம் 8 முதல் 10 வயல், சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே வயல் எண்ணிக்கைதான்; பாம்பு குழந்தை என்று குறைத்துக் கடிப்பதில்லை. சோதனை ஊசி போட வேண்டியதில்லை. தொடங்கும் முன் அட்ரினலின் 1:1000 அரை மில்லிலிட்டர், அதாவது 0.5 மில்லிகிராம், பெரியவர்களுக்குச் சிரிஞ்சில் இழுத்து, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகராதீர்கள். அரிப்பு, தடிப்பு, வாந்தி, இளைப்பு, அழுத்தம் தாழ்தல் எது வந்தாலும் விஷமுறியை நிறுத்தி, டாக்டரை அழைத்து, அட்ரினலின் தொடைத் தசையில். இதைத் தவிர விரியன் கடித்தவருக்குத் தசை ஊசி எதுவும் வேண்டாம். போட்ட இடத்தில் ரத்தம் கட்டும்.

எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இருவேளை ஏழு நாள் என்று எழுதியிருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து, அரை மணி படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள்; வாய்த் தண்ணீரோடு விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். பால், இரும்பு மாத்திரை, அமில மாத்திரை இவற்றோடு இரண்டு மணி இடைவெளி. வெயிலில் தோல் கருகும் என்பதால் தலையில் துண்டும் முழுக்கைச் சட்டையும் வயலில் அவசியம். கர்ப்பிணியா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எழுதுவது, பிழை நடந்தால் செய்வது

கொடுத்த பிறகே கையெழுத்து. டிரே அடுக்கும்போதே வரிசையாகக் கையெழுத்திடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் வாந்தி எடுத்தவரும், எக்ஸ்ரேக்குப் போனவரும் மருந்து பெற்றவராகப் பதிவாகிவிடுவார்கள். கொடுக்காவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். அளவை மில்லிகிராமிலோ யூனிட்டிலோ எழுதி, வழியும் நேரமும் சேருங்கள். ஊசி முனை வெள்ளைப் பெட்டியில், உடைந்த கண்ணாடி நீலத்தில், சிரிஞ்சும் செட்டும் சிவப்பில். மூடியைத் திரும்பப் பொருத்த முயலாதீர்கள்.

தவறான மருந்தோ அளவோ போய்விட்டால் முதலில் நோயாளி. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள், ஐ.வி. ஊசியைப் பிடுங்காதீர்கள், மாற்று மருந்துக்கு அந்த வழி வேண்டும். நாடி, சுவாசம், அழுத்தம், நினைவு பார்த்துக்கொண்டே சார்ஜ் சிஸ்டரையும் டியூட்டி டாக்டரையும் கூப்பிடுங்கள். “என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வழி, எத்தனை மணிக்கு” என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்; மன்னிப்பும் விளக்கமும் பிறகு. திட்டு விழும் என்று பத்து நிமிடம் மறைத்தால் இன்சுலினுக்கும் பொட்டாசியத்துக்கும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்காது. காலி ஆம்பூல், வயல், சிரிஞ்சு எதையும் குப்பையில் போடாமல் டிரேயில் அப்படியே வையுங்கள். உள்ளே போனது உண்மையில் எத்தனை என்று டாக்டர் அந்த லேபிளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்.